எரிச்சல் யாருக்கு, யாரால்: ‘அனாய்’ என்னும் வினையைக் கற்பித்தல்

கும்பகோணத்தில் நான் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்புக்குத் திருப்பனந்தாள், நாச்சியார்கோயில், வலங்கைமான், பாபநாசம் ஆகிய ஊர்ப்பக்கங்களிலிருந்து பேருந்து பிடித்து வருகிறவர்கள்தான் அதிகம். கல்லூரி மாணவர்கள், வங்கித் தேர்வுக்கும் தனியார் நிறுவன நேர்காணலுக்கும் ஆயத்தமாகும் பெண்கள், சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ புறப்படக் காத்திருக்கும் இளைஞர்கள் எனப் பலரும் அவர்களில் உண்டு. இவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியாமல் இல்லை. நாளேட்டின் கடினமான சொல்லுக்குக்கூடப் பொருள் சொல்லிவிடுகிறவர்கள், எரிச்சல், சலிப்பு, மனக்குறை ஆகியவற்றைச் சொல்லும் மிக எளிய வினைச்சொற்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அனாய் (எரிச்சலூட்டு), இரிட்டேட் (எரிச்சல்படுத்து), போர் (சலிப்பூட்டு), அஃபெண்ட் (மனத்தைப் புண்படுத்து), டிஸ்ப்ளீஸ் (மனக்குறை உண்டாக்கு) போன்றவை அந்த வினைகள். இவற்றை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

எழுத்து பற்றி முதலில் ஒரு சொல். ‘அனாய்’ என்ற வினையைப் பலர் ‘அன்னாய்’ என்று இரண்டு னகரம் போட்டு எழுதுகிறார்கள். சங்கப் பாடல்களில் தாயை விளிக்கும் சொல் அது. தலைவியும் தோழியும் ‘அன்னாய் வாழி’ என்று தொடங்கும் பாடல்கள் பல உள்ளன. ஆங்கில ஒலிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால், முதல் அசை மெலிந்தே ஒலிக்கும். ஆகவே ‘அனாய்’ என்று எழுதுவதே ஒலிக்கும் பொருந்தும், அம்மாவையும் இதற்குள் இழுக்காமல் இருக்கும்.

நேர்காணல் பயிற்சியில் “முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டால், “பிகாஸ் ஐ வாஸ் போரிங்” என்று விடை வருகிறது. அந்த வேலை சலிப்பாக இருந்தது என்று சொல்ல வந்தவர், நான் பிறரைச் சலிப்படையச் செய்யும் ஆளாக இருந்தேன் என்று சொல்லிவிடுகிறார். “வென் தி பஸ் இஸ் லேட், ஐ ஆம் வெரி அனாயிங்” என்று ஒருவர் சொன்னால், பேருந்து தாமதமானால் நான் எல்லாரையும் தொல்லை செய்வேன் என்றுதான் கேட்பவர் கொள்வார். இரண்டு வாக்கியங்களிலும் எழுவாயும் வினையும் காலமும் சரியாகவே அமைந்திருப்பதால், சொன்னவருக்குத் தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது தெரிவதே இல்லை. கேட்டவரும் பெரும்பாலும் திருத்த மாட்டார். மனத்துக்குள் ஒரு குறி போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இலக்கணப் பிழைகளில் இதை நான் தனியாக எடுத்து வைப்பதற்குக் காரணம் இதுதான். மற்றப் பிழைகள் மொழிப் பழக்கம் போதாது என்பதை மட்டும் காட்டுகின்றன; இந்தப் பிழை, பேசியவரைப் பற்றியே தவறான செய்தியைச் சொல்லிவிடுகிறது.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது சோம்பலிலிருந்து வருவதன்று. நம் மொழியின் ஒழுங்கிலிருந்து வருகிறது. தமிழில் “எனக்கு எரிச்சலாக இருக்கிறது” என்கிறோம். “அந்த ஒலிபெருக்கிச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது” என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியம் எரிச்சலை அடைந்தவரைப் பற்றியது. இரண்டாவது, எரிச்சலைத் தந்த பொருளைப் பற்றியது. இரண்டிலும் ‘எரிச்சலாக’ என்ற ஒரே சொல்தான் நிற்கிறது. அது மாற வேண்டியதில்லை. ஏனெனில் அடைந்தவர் யார் என்பதை நான்காம் வேற்றுமை உருபான ‘கு’ ஏற்கெனவே காட்டிவிட்டது. எனக்கு என்று சொன்னவுடனேயே எரிச்சல் என்னிடம் வந்து சேர்ந்தது என்பது விளங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் இன்று அப்படிப்பட்ட உருபு இல்லாததால், வேறுபாட்டின் முழுப் பாரமும் அந்தப் பெயரடையின் வாலில் போய் விழுகிறது. அனாயிங் என்றால் தருவது, அனாய்டு என்றால் பெற்றது. நம் மாணவர், எரிச்சலாக என்ற மாறாத சொல்லுக்கு மாறாத ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடுகிறார். அகராதியில் முதலில் கண்ணில் படுகிற ‘அனாயிங்’ என்பதைப் பிடித்துக்கொண்டு இரு இடங்களிலும் வைக்கிறார்.

இதைச் சரிசெய்வதற்காகப் பயிற்சி மையங்களில் பரவலாகச் சொல்லித்தரப்படும் விதி ஒன்று உண்டு. பொருளுக்கு ‘இங்’ என்ற ஈறு, ஆளுக்கு ‘எட்’ என்ற ஈறு என்பது அந்த விதி. கையேடுகளில் அச்சிடுகிறார்கள், கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதுகிறார்கள். இந்த விதி தவறானது. தவறு என்று மென்மையாகச் சொல்வதற்கும் எனக்கு மனம் வரவில்லை. ஆளும் பிறருக்கு எரிச்சல் தரலாம். பின் இருக்கையில் அமர்ந்து கைப்பேசியில் சத்தமாகப் படம் பார்க்கும் பயணி அனாயிங்தான். திருமண வீட்டில் வந்தவர்களையெல்லாம் “எப்போது பிள்ளைக்குக் கல்யாணம்?” என்று துளைத்தெடுக்கும் உறவினரும் அனாயிங்தான். ஆளுக்கு எட் என்று கற்ற மாணவர் அந்தப் பயணியைப் பற்றிப் புகார் சொல்லும்போது “ஹி இஸ் அனாய்டு” என்கிறார். புகாருக்கு ஆளானவர் புகார் சொல்பவராக மாறிவிடுகிறார். பார்க்க வேண்டியது ஆளா பொருளா என்பதை அன்று, தருபவரா பெறுபவரா என்பதைத்தான். இதைப் புரியவைப்பதற்குத் தமிழே நமக்குப் போதுமான கருவிகளைத் தந்திருக்கும்போது, பாதி உண்மையான ஒரு விதியை மனப்பாடம் செய்யவைப்பது மாணவருக்குச் செய்யும் தீங்கு என்றே நினைக்கிறேன்.

அந்தக் கருவிகளில் முதலாவது ‘படு’ – ‘படுத்து’ என்னும் இணை. சங்கடப்பட்டான், சங்கடப்படுத்தினான், வருத்தப்பட்டாள், வருத்தப்படுத்தினாள், கோபப்பட்டார், கோபப்படுத்தினார். பட்டவர் பெற்றவர், படுத்தியவர் தந்தவர். தன்வினை பிறவினை என்று பள்ளியில் படித்த பாடம் இங்கேதான் பயன்படுகிறது. தஞ்சாவூர்ச் சீமையின் பேச்சிலோ ‘படுத்து’ தனியாகவே எரிச்சல்படுத்துவதைக் குறிக்கும் வினையாக நிற்கிறது. அடம்பிடிக்கும் குழந்தையைப் பார்த்து “ஏண்டா இப்படிப் படுத்துறே?” என்று கேட்காத வீடு இந்தப் பக்கத்தில் இருக்காது. “இந்த மோட்டார் ரெண்டு நாளா படுத்துது” என்று வயலில் சொல்வார்கள். அனாய் என்ற வினைக்கு இதைவிட நெருக்கமான நாட்டு வழக்கு எனக்குத் தெரியவில்லை. தருபவர் எழுவாயாக நிற்கிறார், பெறுபவர் ‘என்னை’ என்று இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறார்; ஆங்கில வாக்கியத்தின் அமைப்பும் இதேதான். “என்னைப் படுத்தாதே” என்பதை “டோன்ட் அனாய் மீ” என்று சொற்களை இடம் மாற்றினால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது கருவி, தூய தமிழை விரும்புகிறவர்கள் முகம் சுளிக்கும் ‘பண்ணு’ – ‘ஆகு’ இணை. “இரிட்டேட் பண்ணாதே”, “இரிட்டேட் ஆயிட்டேன்”, “டிஸ்டர்ப் பண்றாங்க”, “டிஸ்டர்ப் ஆயிட்டேன்”, “டென்ஷன் பண்ணாதீங்க”, “டென்ஷன் ஆகாதீங்க” என்று நம் தெருக்களில் நாள் முழுவதும் கேட்கிறோம். இப்படிப் பேச வேண்டும் என்று நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் இதில் உள்ள ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். ஆங்கில வினையைக் கடன் வாங்கிய தமிழர், அதை அப்படியே விட்டுவிடவில்லை. தருவதற்குப் பண்ணு என்றும் பெறுவதற்கு ஆகு என்றும் துணைவினைகளைச் சேர்த்து, எவர் பக்கம் எரிச்சல் நிற்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டார். இந்த இணையில் யாரும் பிழை செய்வதில்லை. “நான் இரிட்டேட் பண்ணிட்டேன்” என்று சொல்லித் தமக்கு எரிச்சல் வந்ததைக் குறிப்பவரை நான் கண்டதில்லை. ஆகவே வகுப்பில் இப்படிச் சொல்கிறேன்: பண்ணுகிற என்று தமிழில் வருமானால் ‘இங்’, ஆன என்று வருமானால் ‘எட்’. இரிட்டேட் பண்ணுகிற சத்தம், இரிட்டேட் ஆன ஆள். இரிட்டேட் பண்ணுகிற ஆளும் உண்டு. விதி முழுமையாக நிற்கிறது, ஆளா பொருளா என்று விலக்குச் சொல்ல வேண்டியதில்லை.

‘போர்’ என்ற சொல்லில் மட்டும் ஏன் இவ்வளவு பிழை நிகழ்கிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. போர் என்பதற்கு நாம் பண்ணு, ஆகு சேர்ப்பதில்லை, ‘அடி’ சேர்க்கிறோம். எனக்குப் போர் அடிக்கிறது, படம் போர் அடிக்கிறது, அவர் பேசினால் போர் அடிக்கிறார். மூன்று இடத்திலும் ஒரே அடிதான். தமிழ்ப் பேச்சில் இணை இல்லாத இடத்தில் ஆங்கிலத்திலும் மாணவர் இணையைத் தவறவிடுகிறார். அதனால் போர் என்ற சொல்லை நான் முதலில் எடுப்பதே இல்லை. இரிட்டேட், அனாய் ஆகியவை நன்கு பழகிய பிறகுதான் அதற்கு வருவேன்.

டென்ஷன் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மனநிலையைக் குறிக்கும்போது ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல். “டோன்ட் டென்ஷன் மீ” என்று வெளிநாட்டில் சொன்னால் புரியாமல் விழிப்பார்கள். நமக்குள் சரியாக இயங்கும் கடன்சொல்லை, அதே வடிவில் ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது.

எரிச்சல் என்பது எனக்கு வருகிற ஒன்று என்று கருதும் வழக்கம் நம்முடையது மட்டும் அன்று. தஞ்சாவூர்ப் பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்களும் “நாக்கு கோபம் வச்சிந்தி” என்று, எனக்குக் கோபம் வந்தது என்ற அதே அமைப்பில்தான் சொல்கிறார்கள். இந்தியில் “முஜே குஸ்ஸா ஆயா” என்பதும் அப்படியே. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், வெகுளி தோன்றும் நான்கு நிலைக்களன்களைச் சொல்லும்போது “வெறுப்பின் வந்த வெகுளி” என்கிறது. இன்றும் கோபம் வருகிறது என்கிறோம். அந்த ‘வா’ என்னும் வினை அங்கேயே அமர்ந்திருக்கிறது.

மாணவர்கள் வியப்போடு கேட்கும் செய்தி இதற்கு அடுத்ததுதான். ஆங்கிலமும் ஒரு காலத்தில் இப்படியே பேசியது. பழைய ஆங்கிலத்தில் ‘லைக்’ என்ற வினையின் முன்வடிவத்துக்கு ‘பிடித்திருத்தல், மகிழ்வித்தல்’ என்று பொருள். பிடித்த பொருள் எழுவாயாகவும், பிடித்தவர் நான்காம் வேற்றுமையிலும் நின்றார்கள். எனக்குப் பிடிக்கிறது என்பதன் நேர் அமைப்பு அது. பழைய நாடகங்களில் வரும் ‘மீதிங்க்ஸ்’ என்ற சொல், எனக்குத் தோன்றுகிறது என்ற அதே அமைப்பின் மிச்சம். நாம் கடிதங்களில் எழுதும் “இஃப் யூ ப்ளீஸ்” என்பதும், உங்களுக்கு விருப்பமானால் என்று நான்காம் வேற்றுமையில் தொடங்கிய தொடர்தான். நடுக்கால ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் தேய்ந்து, சொல்லின் இடம்தான் எழுவாயைக் காட்டும் என்ற நிலை வந்தபோது, முன்னால் நின்ற ‘எனக்கு’ மெல்ல மெல்ல ‘நான்’ ஆகிவிட்டது.

அனாய் என்ற வினையின் பிறப்பு இன்னும் பொருத்தமானது. இலத்தீனில் “மிஹி இன் ஓடியோ எஸ்ட்” என்றொரு தொடர் உண்டு. அது எனக்கு வெறுப்பாக இருக்கிறது என்பது அதன் பொருள். ‘மிஹி’ என்றால் ‘எனக்கு’. அதில் உள்ள ‘இன் ஓடியோ’ என்ற பகுதியிலிருந்து ஒரு வினை உருவாகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘அனாய்’ ஆயிற்று. சலிப்பைக் குறிக்கும் ‘ஆன்வி’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். இன்று நம்மைத் தடுக்கிவிடும் இந்த வினை, எனக்கு என்று தொடங்கிய வாக்கியத்திலிருந்தே கிளம்பியிருக்கிறது. “எங்களுக்கு எனக்கு என்றுதான் வருகிறது” என்று வெட்கப்படும் மாணவரிடம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் தெளிவு, பத்துப் பக்கப் பயிற்சித்தாளால் வருவதில்லை.

இலக்கணம் இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவதைத்தான் நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். டெல்டாக்காரர் மனக்குறையைச் சொல்லும் முறையில், குற்றவாளியைப் பெயர் சொல்லி முன்னால் நிறுத்தும் வழக்கம் குறைவு. பந்தியில் ஏதோ குறை நேர்ந்தால், “சம்பந்தி வீட்டாருக்கு மனசுக்கு ஒப்பலை போலிருக்கு” என்பார்கள். வாய்க்கால் முறையில் யாரோ முந்திக்கொண்டு மடையை அடைத்திருந்தால்கூட, நேரில் பார்க்கும்போது “எனக்கு என்னமோ சரியாப்படலைப்பா” என்றுதான் பெரியவர் பேச்சைத் தொடங்குவார். யாரைச் சொல்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும், நீ எனக்கு எரிச்சலூட்டினாய் என்ற வாக்கியம் வாயிலிருந்து வருவதில்லை. அடுத்த நாளும் அதே வரப்பில் நடக்க வேண்டும், அதே வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட வேண்டும் என்ற அறிவு அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது.

இப்படிப் பேசிப் பழகியவர் ஆங்கிலத்துக்குப் போகும்போது, அந்த மரியாதையை எந்த அமைப்பில் வைப்பது என்று தெரியாமல் “யூ அனாய் மீ” என்கிறார். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று பாடநூல் காட்டிய வரிசையில் அழகாக அமைந்த வாக்கியம்தான். அதன் கடுமை அவருக்குத் தெரிவதில்லை. இதில் காலம் ஒரு தனிச் சிக்கல். தமிழில் “எரிச்சலூட்டுகிறாய்” என்பது இந்த நொடிக்கும் பொருந்தும், எப்போதும் உள்ள இயல்புக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் “யூ ஆர் அனாயிங் மீ” என்றால் இப்போது செய்வதை நிறுத்து என்பதாகும். “யூ அனாய் மீ” என்றால் உன் இயல்பே எனக்கு எரிச்சல் என்பதாகும். முன்னதற்கு ஒரு மன்னிப்போடு தீர்வு உண்டு. பின்னதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அதிலும் ‘மீ’ என்பதை விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது. நாம் செயப்படுபொருளைத் தாராளமாக விட்டுப் பேசுகிறவர்கள். “படுத்துறியே” என்றாலே என்னை என்பது விளங்கும். அந்தப் பழக்கத்தில் “யூ ஆர் அனாயிங்” என்று நிறுத்திவிட்டால், வினை பெயரடையாகத் தோன்றி, நீ தொல்லையான ஆள் என்ற முத்திரையாகக் கேட்கும்.

சிங்கப்பூரில் ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் வகுப்பு மாணவர் ஒருவர், பணிநேர அட்டவணையைக் கடைசி நேரத்தில் மாற்றுவது பற்றித் தம் மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டிய செய்தியை எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினார். “யூ அனாய் மீ பை சேஞ்சிங் தி ஷிஃப்ட்” என்று தொடங்கியது. இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் மனத்தில் இருந்தது, “கடைசி நேரத்தில மாத்தினா கொஞ்சம் சங்கடமா இருக்கு சார்” என்ற வாக்கியம். அந்தச் சங்கடத்துக்கும் மரியாதைக்கும் ஆங்கிலத்தில் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. அதற்கு ‘இட்’ என்ற சிறு சொல்தான் வழி. “இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ வென் தி ஷிஃப்ட் சேஞ்சஸ் அட் தி லாஸ்ட் மினிட்” என்று மாற்றினோம். அனாய் என்ற வினையே வேண்டும் என்ற இடத்தில் “இட் அனாய்ஸ் மீ வென்” என்று தொடங்கலாம். இந்த இட் எந்தப் பொருளையும் சுட்டுவதில்லை. எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்பதற்காக வைக்கப்படுவது. அதற்குப் பின்னால் வரும் ‘வென்’ என்பது நம் “போது”. ‘தட்’ என்பது நம் “என்பது”. இப்படி நடக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது என்ற நம் வாக்கியத்தை, ஆளைச் சுட்டாமல், எனக்கு என்பதையும் இழக்காமல், அப்படியே கொண்டுபோய் வைக்க ஆங்கிலம் திறந்து வைத்திருக்கும் வாசல் இதுதான். பயிற்சிப் புத்தகங்கள் இதைக் கடைசிப் பக்கங்களில் தள்ளிவிடுகின்றன. என் வகுப்பில் இதுதான் முதல் பாடம்.

நடந்துமுடிந்த ஒரு செயலைப் பற்றி மட்டும் பேச வேண்டுமானால் இறந்தகாலம் போதும். “தட் அனாய்டு மீ” என்றால் அந்தச் செயல் எனக்கு எரிச்சலூட்டியது. செய்தவரைப் பற்றிய தீர்ப்பு அதில் இல்லை. “ஐ வாஸ் அனாய்டு” என்றால் காரணம்கூடத் திரைக்குப் பின்னால் போய்விடும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குக் கீழே வரட்டும் என்று வெயிலில் கிளறிக்கொண்டு காத்திருக்கும் விவசாயியின் நிலையை வைத்து இதைப் பயிற்சி செய்கிறோம். “தி டிலே அனாய்ஸ் தி ஃபார்மர்ஸ்” என்பதில் தாமதம் முன்னால் நிற்கிறது. “தி ஃபார்மர்ஸ் ஆர் அனாய்டு” என்பதில் விவசாயி முன்னால் நிற்கிறார். “இட் அனாய்ஸ் தெம் தட் தே ஹேவ் டு வெயிட்” என்பதில் நிலைமை முன்னால் நிற்கிறது. மூன்றும் சரி. எதை முன்னால் நிறுத்த வேண்டும் என்பதை எழுதுகிறவர் தீர்மானிக்க வேண்டும். கொள்முதல் நிலையம் எப்படி இயங்கும் என்பது எங்கள் மாணவர்கள் அனைவருக்கும் தெரியும் என்பதால், வாக்கியத்தைப் பற்றி மட்டும் சிந்திக்க அவர்களால் முடிகிறது; இலண்டன் சுரங்க ரயிலின் தாமதத்தைப் பற்றிய பாடநூல் வாக்கியத்தில் அது முடிவதில்லை.

முன்னிடைச் சொற்களில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆள்மேல் எரிச்சல் என்றால் ‘அனாய்டு வித்’. செயல்மேல் அல்லது நிலைமேல் என்றால் ‘அனாய்டு அட்’ அல்லது ‘அபௌட்’. எரிச்சலைக் கிளப்பிய காரணத்தைச் சொன்னால் ‘பை’. நம் ‘மேல்’ என்ற சொல்லை நினைத்து ‘ஆன்’ என்று போடுவதுதான் இங்கு நிகழும் பிழை. “ஹி இஸ் அனாய்டு ஆன் மீ” என்பது ஆங்கிலத்தில் இல்லை.

எரிச்சலுக்கும் ஏற்காமைக்கும் உள்ள வேறுபாட்டில்தான் நின்று பேச வேண்டும். ‘டிஸ்அப்ரூவ்’ என்ற வினையில் திசை மாறிவிடுகிறது. அனாய், டிஸ்ப்ளீஸ் ஆகியவற்றில் உணர்வைத் தருவது எழுவாய். டிஸ்அப்ரூவில், ஏற்க மறுப்பவரே எழுவாய். பேத்தி இரவுப் பணிக்குச் செல்வதைப் பாட்டி விரும்பவில்லை என்றால், “மை நைட் ஷிஃப்ட் டிஸ்ப்ளீஸஸ் மை கிராண்ட்மதர்” என்றும் சொல்லலாம், “மை கிராண்ட்மதர் டிஸ்அப்ரூவ்ஸ் ஆஃப் மை நைட் ஷிஃப்ட்” என்றும் சொல்லலாம். “பாட்டிக்குப் பிடிக்கலை” என்ற தமிழ் இரண்டையும் அடக்கிவிடுகிறது. ஆனால் முன்னது அவர் மனம் வருந்துகிறது என்று சொல்கிறது. பின்னது அவர் அதைத் தவறு என்று முடிவுசெய்திருக்கிறார் என்கிறது. பேத்திமேல் துளியும் எரிச்சல் இல்லாமல், அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டே, அந்த வேலையை ஏற்காமல் இருக்கப் பாட்டியால் முடியும். அந்தப் பாட்டியைப் பற்றி வெளியூர்க்காரரிடம் சொல்லும்போது ‘அனாய்டு’ என்று சொன்னால், அவர் குணத்தையே மாற்றிச் சொன்னதாகும். சொல் தேர்வில் இந்த அளவு கவனம் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். தம் வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசும்போது வேண்டும்தான்.

இந்த வினையோடு ‘ஆஃப்’ வர வேண்டும் என்பதையும் விடக் கூடாது. ஆஃப் இல்லாமல் “டிஸ்அப்ரூவ்டு தி அப்ளிகேஷன்” என்றால், அலுவலகத்தில் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது என்ற பொருள் வந்துவிடும். அது மனத்தின் செயல் அன்று, கோப்பின் செயல்.

‘அஃபெண்ட்’ இன்னும் கனமானது. இலத்தீனில் மோதுதல், இடறுதல் என்ற பொருளில் தொடங்கிய சொல் அது. மனத்தைப் புண்படுத்துதல் என்பதே இன்று அதன் நிலை. பேருந்துத் தாமதம் அனாய் செய்யும், அஃபெண்ட் செய்யாது. அழைப்பிதழில் ஒருவர் பெயரை விட்டுவிடுவதும், வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதும்தான் அஃபெண்ட் செய்யும். இங்கே இங் – எட் இணை அப்படியே இயங்குவதில்லை என்பதையும் சொல்லித்தர வேண்டும். புண்பட்டவர் ‘அஃபெண்டட்’, புண்படுத்தும் பேச்சு ‘அஃபென்ஸிவ்’. ‘அஃபெண்டிங்’ என்ற சொல் உண்டென்றாலும், பல பொருள்களுக்கு நடுவே சிக்கலுக்குக் காரணமான அந்த ஒன்றைச் சுட்டவே பெரும்பாலும் வழங்குகிறது. எரிச்சலூட்டுதலைக் குறிக்கும் ‘இர்க்’ என்ற வினைக்கும் ‘இர்க்ஸம்’ என்பதே பெயரடை.

‘அப்செட்’ கடைசியாக. “ரொம்ப அப்செட் ஆயிட்டேன்” என்று நாம் சொல்வதில் ஆகு சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் விதியைக் கற்ற வேகத்தில் மாணவர்கள் இதற்கும் எட் சேர்த்து ‘அப்செட்டட்’ என்று எழுதத் தொடங்குகிறார்கள். இந்த வினைக்கு நிகழ்காலமும் இறந்தகாலமும் எச்சமும் ஒரே வடிவம். “ஐ ஆம் அப்செட்”, “தி நியூஸ் அப்செட் மீ”, “தி நியூஸ் வாஸ் அப்செட்டிங்” என்று மூன்றையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆன, பண்ணியது, பண்ணுகிற என்று எழுதச் சொல்கிறேன். நெல் விலை, பேருந்து, தேர்வு முடிவு, அக்காவின் மாமியார் என்று தாங்களே கருப்பொருள் எடுத்துக்கொண்டு வாக்கியம் அமைக்கத் தொடங்கிய பிறகு, அவர்கள் பலகையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.